ஆத்துல போட்டாலும் அளந்து போடுலே!

ஏலே தம்பி, கழுத்துல அட்டைய மாட்டிக்கிட்டு எங்க இவ்வளவு வெரசலாப் போற? ஒர்க்‌ஷாப்பா? அதுவும் சர்வதேச ஒர்க்‌ஷாப்பா? நல்லது. மத்தியானச் சாப்பாடு ஆக்குற சோலி உங்க அம்மைக்கு மிச்சம்.

கொஞ்சம் உக்காரு. நகரம் எங்கயும் ஓடிறாது. நம்ம பேட்டைய எப்படித் திருத்தலாம்னு யோசிக்கக் கடல் தாண்டி ஆளு வந்திருக்கு. நீ அவுகளுக்குச் சந்து சந்தா, கல்லி கல்லியா வழி காட்டப் போற. சந்தோசம். ஆனா ஒண்ணு கேக்கேன், பதில் சொல்லு. நீ பொறந்து வளந்தது இந்தத் தாராவி மாட்டுங்கா லேபர் கேம்ப்ல. உங்க வீட்டு மோரி, அதான் தண்ணி பொழங்குற மூலை, எத்தன அடி அகலம்? முழிக்கியே! நேத்து வந்தானே அந்தச் செம்பட்டத் தலைப் பய, அவனுக்குத் தெரியும். டேப்பு வச்சு அளந்தான். நோட்டுல எழுதினான். படமும் வரைஞ்சுக்கிட்டுப் போயிட்டான். உன் வீட்டு அளவு அவன் பையில இருக்கு. உன் பையில என்ன இருக்கு? ஒட்டுற மஞ்சக் காகிதம்.

அந்தக் காகிதத்துல கனவ எழுதணுமாமே? எதுத்த வீட்டு ஆச்சிகிட்டப் போயி, "பாட்டி, உங்க பேட்டையப் பத்தி உங்க கனவு என்ன"ன்னு கேட்டியாம். அவ என்ன சொன்னா? "தூங்கினாத்தானலே கனவு வரும்? குடத்த வரிசையில வைக்க நாலு மணிக்கே எந்திரிக்கேன்"னு சொன்னா. அத நீங்க என்னன்னு எழுதி ஒட்டினீக? "நீர் சார்ந்த சமூக வெளி." அட கோட்டிக்காரப் பயலே! பைப்புல தண்ணி வரலைன்னு எழுதினா கை சுளுக்கிக்கிடுமா?

இந்தக் கூத்து எனக்குப் புதுசில்லடா. ஆளு மாறும், ஆட்டம் மாறாது. முத நாளு எல்லாரும் வரிசையா நடப்பாவ. கட்டரத் தாண்டுறப்ப ஒருத்தர் கைய ஒருத்தர் பிடிச்சுக்கிடுவாவ. மறுநாளு வரைபடம். எங்க டீக்கடை, எங்க கோயிலு, எங்க பிள்ளைக விளையாடுதுன்னு கலர் கலரா புள்ளி வைப்பாவ. அடுத்து அட்டைய வெட்டி மாடல். கடைசி நாளு குளுகுளு ஹாலு. பெரிய மனுசங்க நாடியத் தடவிக்கிட்டு "இன்ட்ரெஸ்டிங்"னு சொல்லுவாவ. பொறவு ஒரு புஸ்தகம் வரும். நம்ம நீல பிளாஸ்டிக் டிரம்மு அட்டைப்படத்துல நிக்கும். நம்ம பேரு? கடைசிப் பக்கத்துல, நன்றிங்கிற தலைப்புல, பொடி எழுத்துல.

நான் கேலி பண்ணுதேன்னு கோவிச்சுக்கிடாத. அந்தப் பிள்ளைக நல்ல பிள்ளைகதான். வெயில்ல அலையுதுக. நம்ம கக்கூசு வரிசையிலயும் நின்னு பாக்குதுக. ஆனா நல்ல பிள்ளைங்கிறது ஒரு கணக்கு, நல்ல பிளானுங்கிறது வேற கணக்கு. ரெண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது.

பழைய கதை ஒண்ணு கேளு. ஜப்பான்ல, டோக்கியோவுல ஷிமோகிட்டாசாவான்னு ஒரு பேட்டை. சின்னச் சின்ன சந்து, சின்னச் சின்ன கடை. அது நடுவுல பெரிய ரோடு போடுதோம்னு சர்க்காரு நின்னுச்சு. கூடாதுன்னு ஜனம் நின்னுச்சு. 2006ல பல தேசத்து ஆளுக கூடி அங்க ஒரு ஒர்க்‌ஷாப்பு நடத்தினாவ. அதுக்கு வச்ச பேரு அர்பன் டைஃபூன். அதாவது நகரத்துப் புயலு. ரெண்டு வருசம் கழிச்சு, 2008 மார்ச்சுல, அந்தப் புயலு நம்ம தாராவிக்கே வந்து கோலிவாடாவுல இறங்கிச்சு. மத்தியாஸ் எச்சானோவ், ராகுல் ஸ்ரீவாஸ்தவான்னு ரெண்டு பேரு முன்னால நின்னாவ. நமக்கு ஜூன் பொறந்தா மித்தி ஆத்துத் தண்ணியே வீட்டுக்குள்ள வந்து நலம் விசாரிச்சுட்டுப் போகும். இதுல மார்ச்சுலயே ஒரு புயலு!

ஆனா கோலிவாடாக்காரன் இருக்கானே, அவன் காரியக்காரன். "நாங்க குடிசைவாசி இல்ல, இந்த ஊருக்கே மூத்த மீனவக் கிராமம். எங்க நிலத்தக் குடிசைக் கணக்குல சேத்து இடிக்காதே"ன்னு அவன் ரொம்ப நாளாச் சொல்லுதான். சர்க்காரு காதுல ஏறல. சரி, உலகத்து ஆளு வாரானா? வரட்டும். வந்தவனுக்கு நண்டு, மீனு, ஆட்டம், பாட்டு. வந்தவன் வாயால தன் கதைய உலகத்துக்குச் சொல்ல வச்சான். விருந்தாளியச் சாட்சியாக்கிட்டான், பாத்தியா? வந்தவனுக்கு உன்னால என்ன உபயோகம்னு யோசிக்கிறதுக்கு முந்தி, உனக்கு அவனால என்ன உபயோகம்னு யோசிக்கணும். இது படிச்சு வர்ற புத்தி இல்ல. மீன் வித்து வர்ற புத்தி.

அதுக்கு முன்னையும் பின்னையும் வந்தவுகளச் சொல்லி முடியுமா? ஸ்டாக்ஹோம் கலைக் கல்லூரிப் பிள்ளைக வந்து பாத்துட்டுப் போயி 2008ல புஸ்தகம் போட்டாவ. நியூயார்க் கொலம்பியா யுனிவர்சிட்டி வந்துச்சு. 2014ல தாராவிய மறுபடி எப்படிப் படைக்கலாம்னு உலகத்துக்கே போட்டி வச்சாவ. அதே வருசம் நியூயார்க் நவீனக் கலை மியூசியத்துல ஆறு மாநகரத்த வச்சு ஒரு கண்காட்சி. அதுல நம்ம மும்பையும் ஒண்ணு. 2016ல தாராவிக்குள்ளயே ஒரு டிசைன் மியூசியம். தள்ளுவண்டியில! நம்ம குயவன் வனைஞ்ச பானையையே நமக்கு வண்டியில வச்சுக் காட்டினாவ.  கும்பர்வாடாக்காரன் சிரிச்சானோ அழுதானோ, யாரு கண்டா?

எல்லாத்துக்கும் மேல ஒரு சங்கதி. 2009ல இங்கிலாந்து இளவரசரு சார்லஸ் இருக்காரே, இப்ப ராஜா ஆயிட்டாரு, அவரு தாராவிகிட்ட மேநாட்டுக்காரன் கத்துக்கிட வேண்டியது நெறைய இருக்குன்னு பேசினாரு. நான் மறுக்கல. ராஜ வாக்கு பொய்க்குமா? ஆனா அவரு அரண்மனைய இடிச்சுப்போட்டு பத்துக்குப் பத்துல ஒரு அறையும் மூலையில ஒரு மோரியும் கட்டினதா இன்னைக்கு வரைக்கும் சேதி இல்ல.

நம்மகிட்ட என்னத்தக் கண்டு இப்படி மயங்குதாவன்னு கேக்கியா? அதுல நெசம் இருக்கு. திருநெவேலிச் சீமையில நம்ம வீடு எப்படி? தார்சா, பட்டாசலு, அடுக்களை, அங்கணம்னு ஒண்ணு பின்னால ஒண்ணா நீண்டு போகும். தோலு ஷாப்புக்கும் முனிசிபாலிட்டி வேலைக்கும் இங்க வந்தவுக அத்தனையையும் ஒத்த அறைக்குள்ள மடக்கி வச்சாவ. எந்த ஆர்கிடெக்டு மடக்கினான்? உன் கொள்ளுத்தாத்தன்தான் மடக்கினான். கதவத் திறந்தா கல்லியே தார்சா. மூலையில மோரி. தலைக்கு மேல பலகையப் போட்டா மாளா. அதுக்கு ஒரு இரும்பு ஏணி. விடியுறதுக்கு முன்ன இட்லி அவிக்கிற வீடு, பொழுது விடிஞ்சா தையல் ஓடுற வீடு, சாயந்தரம் பிள்ளைக படிக்கிற வீடு, ராத்திரி எட்டுப் பேரு படுக்கிற வீடு, எல்லாம் அந்த ஒத்த வீடுதான். புயலக் கொண்டு வந்தாவன்னு சொன்னேனே, அவுகளே இதக் கண்டு, வீடும் கருவியும் ஒண்ணாக் கிடக்குன்னு எழுதினாவ. அந்த மட்டுக்கும் கண்ணு இருக்கு அவுகளுக்கு.

சரி, கத்துக் குடுக்க வந்தவுக கதையே பேசிக்கிட்டு இருந்தா எப்படி? ஊருக்கே கத்துக் குடுத்த நம்ம ஆளு ஒருத்தரு இருந்தாரு, தெரியுமா? ஜோக்கின் அற்புதம். கோலார் தங்க வயல்ல பொறந்த தமிழரு. 1960கள்ல பம்பாய்க்கு வந்து மான்குர்டு பக்கம் ஜனதா காலனியில குடியிருந்தாரு. அங்க முனிசிபாலிட்டி குப்பை அள்ளல. நீயா இருந்தா என்ன செஞ்சிருப்ப? குப்பையப் பத்தி உங்க கனவு என்னன்னு வீடு வீடாக் கேட்டிருப்ப. அவரு என்ன செஞ்சாரு? சின்னப் பிள்ளைகளக் கூட்டி, ஆளுக்கு ஒரு கிலோ குப்பையக் காகிதத்துல பொட்டலங் கட்டி, பிக்னிக் போற சாக்குல கொண்டு போயி முனிசிபாலிட்டி ஆபீசு வாசல்லயே கொட்ட வச்சாரு. பொறவு அள்ளாம இருப்பானா? ஒர்க்‌ஷாப்புன்னா அதுலே ஒர்க்‌ஷாப்பு!

அந்த ஜனதா காலனியவும் 1976ல காலி பண்ணி, ஜனத்தச் சீத்தா கேம்புக்குத் தள்ளிட்டாவ. அடி பட்டவரு ஒண்ணு புரிஞ்சுக்கிட்டாரு. கணக்கு எவன் கையில இருக்கோ, நிலம் அவன் கைக்குப் போகும். 1985ல ராஜீவ் காந்தி தாராவிக்கு வந்து பாத்துட்டு பம்பாய்க்கு நூறு கோடி அறிவிச்சாரு. அதுல ஒரு பங்கு தாராவிக்கு. தாராவியில எத்தன பேருன்னு சர்க்காரு ஒரு கணக்கு வச்சிருந்துச்சு. அற்புதத்தோட தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு 1986ல வீடு வீடா ஏறி எண்ணிச்சு. அஞ்சு லட்சத்துக்கும் மேல தலை! சர்க்காரு கணக்கு எங்கயோ கீழ கிடந்துச்சு. கணக்குல விழாதவனுக்கு எந்தப் பிளான்லடா வீடு விழும்?

இன்னொண்ணு கேளு. பைக்குலா நடைபாதையில குடியிருந்த பொம்பளைக மகிளா மிலன்னு ஒரு கூட்டமாச் சேந்தாவ. படிப்பு இல்ல, பட்டம் இல்ல. ஸ்பார்க்னு ஒரு அமைப்பு கூட நின்னுச்சு. வீடு எப்படி வேணும்னு அவுகளே உக்காந்து யோசிச்சாவ. சேலைய நீட்டி அளந்தாவ. துணியும் அட்டையுமா முழு அளவுல வீட்டக் கட்டி நிறுத்தி, உள்ள நடந்து பாத்தாவ. படுத்துப் பாத்தாவ. "இங்க கால் இடிக்கு, அங்க அடுப்பு சுடும்"னு மாத்தினாவ. சுவரு உயரம் 14 அடி இருக்கட்டும், பாதியில மாளா போட்டுக்கிடுதோம்னு முடிவு பண்ணினாவ. இதே கூட்டந்தான் 2001ல நியூயார்க் ஐ.நா. சபைக் கட்டடத்து முன்கூடத்துலயே ஒரு முழு வீட்டையும் பிள்ளைகளுக்கான கக்கூசையும் நிறுத்திச்சு. ஐ.நா. பொதுச் செயலாளரு கோபி அன்னானே வந்து பாத்தாரு. உலகப் பெரிய மனுசன நம்ம கக்கூசு முன்னால நிக்க வச்ச கெட்டிக்காரிக அவுக. அங்க எவனாவது மஞ்சக் காகிதம் ஒட்டினானா?

இந்த லேபர் கேம்ப்பு மட்டும் லேசுப்பட்டதா? அண்ணாபாவு சாட்டே இருந்து பாடின மண்ணு. 1944ல அமர் ஷேக்கோட சேந்து லால் பாவ்டா கலாபதக்னு செங்கொடிக் கலைக்குழு ஆரம்பிச்சவரு. ஜனத்துக்கு என்ன வலிக்குன்னு டஃப் அடிச்சுப் பாடினாரு. அவருக்கு புரொஜெக்டர் வேண்டியிருந்துச்சா?

இப்ப முக்கியமான சங்கதிக்கு வாரேன். போன நோண்டாம கேளு. 2004ல தாராவி மறுகட்டுமானம்னு சர்க்காரு திட்டம் போட்டுச்சு. அமெரிக்காவுல தொழில் பாத்த முகேஷ் மேத்தாங்கிற ஆர்கிடெக்டு யோசனை. தாராவிய அஞ்சு செக்டரா வெட்டி, குடும்பத்துக்கு 225 சதுர அடின்னாவ. 2007ல உலகம் பூராவும் டெண்டர் கூப்பிட்டாவ. நடக்கல. 2018ல மறுபடி டெண்டர், 7,200 கோடிக்குக் கேட்டவன் ஜெயிச்சான். அதுவும் ரத்து. 2022 நவம்பர்ல 5,069 கோடி சொல்லி அதானி குழுமம் எடுத்துச்சு. ஹபீஸ் கான்டிராக்டரு, அமெரிக்காவுல இருந்து சசாகி, இங்கிலாந்துல இருந்து புரோ ஹப்பால்டுன்னு பெரிய பெரிய கை எல்லாம் சேந்துச்சு. 2024 மார்ச்சுல சர்வே ஆரம்பிச்சாவ. 2025 மே மாசம் மாஸ்டர் பிளானுக்கு ஒப்புதலும் ஆச்சு. அந்த 225 அடி இன்னைக்கு 350ல நிக்கு. நடுவுல ஏறின 125 அடிய எந்த ஒர்க்‌ஷாப்பு வாங்கிக் குடுத்துச்சு? கறுப்புக் கொடி பிடிச்சு ரோட்டுல நின்ன ஜனம் வாங்கினது.

அந்த 350 அடியும் யாருக்கு? 2000 ஜனவரி 1க்கு முன்னயே கீழ்வீட்டுல இருந்தவனுக்குத் தாராவிக்குள்ளயே, காசில்லாம. அதுக்குப் பொறவு 2011க்குள்ள வந்தவன் ரெண்டரை லட்சம் கட்டணும். 300 அடி கிடைக்கும், தாராவிக்கு வெளிய. சரி, மாளாவுல குடியிருக்கவன்? அவனுக்கும் வெளியதான். வாடகைக்கோ, தவணைக்கோ.

இப்ப யோசிச்சுப் பாரு. அந்த மாளாவத்தான் உன் ஒர்க்‌ஷாப்புல படம் பிடிச்சு, மாடல் பண்ணி, ஆகா ஓகோன்னு கண்காட்சியில வச்சாவ. அதே மாளா சர்வேக்காரன் நோட்டுக்குப் போனா கீழ்வீட்டுக்குச் சமானமா நிக்காது. அங்க கலை, இங்க கழிவு. பாராட்டு பட்டாவாகாதுடா தம்பி. தட்டின கையெல்லாம் தட்டிட்டுப் போயிரும். நீ ஏணிய மடக்கி எங்க வைப்ப?

அதனாலதான் சொல்லுதேன், ஆத்துல போட்டாலும் அளந்து போடணும். உன் வீட்ட நீ அள. மோரிய அள, மாளாவ அள, ஏணி வைக்கிற எடத்தையும் அள. எந்த நேரம் என்ன சோலி நடக்குன்னு எழுது. தண்ணி எப்ப வரும், எப்ப நிக்கும், எழுது. உங்க தாத்தன் காலத்து ரேஷன் கார்டு, லைட் பில்லு, ஓட்டர் லிஸ்டு எல்லாத்தையும் தேதி வாரியா ஒரு கவருல போடு. பக்கத்து வீட்டையும் சேத்து எண்ணு. ஒத்த வீட்டு அளவு வெறும் நம்பரு. கல்லி பூராவும் எண்ணினா அது பேரம் பேசும். மேப்பு வரையத் தெரிஞ்ச பிள்ளை கூட வந்தா இன்னும் நல்லது. அவன் கோடு போடட்டும், நீ அளவு சொல்லு. வரைஞ்ச படத்துல ஒரு நகல் நம்ம சொசைட்டி பீரோவுலயும் இருக்கணும். தமிழ்லயும் மராட்டியிலயும் எழுதி இருக்கணும். "புஸ்தகம் வந்ததும் அனுப்புதோம்"னு சொன்னா, நீயும் சிரிச்சுக்கிட்டே சரின்னு சொல்லிட்டு, நகல் வாங்காம நகராத.

போகக் கூடாதுன்னு நான் சொல்லல. போ. நல்லா போ. நாலு பாசை பேசுற பிள்ளைகளோட பழகு. சாப்பாட்டுல பன்னீர் வச்சா ரெண்டு துண்டு சேத்து வாங்கு. ஆனா கடைசி நாளு, குளுகுளு ஹாலுல, அழகழகா கட்டடப் படம் ஓடுமே, மரமும் சைக்கிளும் பலூன் பிடிச்ச பிள்ளையுமா, அப்ப கைய மெதுவாத் தூக்கு. கோவமாக் கேக்காத, அப்பாவியாக் கேளு. "சார், லிப்டு நின்னுட்டா இருபதாம் மாடிக்கு இட்லிப் பானைய யாரு தூக்குவா? அப்பளம் காயப் போட வெயிலு எந்தப் பக்கம் வரும்? மாசா மாசம் மராமத்துக் காசு யாரு தலையில? இந்தப் படத்துல எங்க கல்லியில யாரு யாரு வீடு இல்ல?"

பதில் சொல்லுதானா, அவன் பக்கத்துல உக்காந்து முழுசாக் கேளு, எழுதி வாங்கு. "ரொம்ப முக்கியமான கேள்வி, அடுத்த ஒர்க்‌ஷாப்புல பேசுவோம்"னு சொல்லுதானா? நல்ல பையன், ஒரு கட்டிங் சாய் வாங்கிக் குடுத்து அனுப்பு. கையெழுத்து மட்டும் எதுலயும் போட்டுறாத.